ஊரின் வெயிலும் நியூ லின் குளிரும்: எம் பிள்ளைகளும் எம். எஸ். நோயும்

நியூ லின் புகையிரத நிலையத்திலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில் வசிக்கும் எம்மவர் குடும்பம் ஒன்றைச் சில வாரங்களுக்கு முன்னர் சந்தித்தோம். தந்தையும் தாயும் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, தமிழகத்து முகாமொன்றில் சில ஆண்டுகளைக் கழித்து, அதன் பின்னர் இந்நாட்டை வந்தடைந்தவர்கள். மூத்த மகள் இங்கேயே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு மாணவி. தனக்கு நேர்ந்ததை எழுதுமாறு அவளே எம்மிடம் கேட்டுக்கொண்டாள். பெயர் முதலிய விவரங்கள் வேண்டாம் என்பது பெற்றோரின் விருப்பம். இருவர் சொல்லையும் மதித்தே இதனை எழுதுகிறோம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர், பரீட்சை நெருங்கிய வேளையில் அவளுடைய இடது கண் மங்கத் தொடங்கியது. கண்ணை அசைத்தால் வலித்தது. ஒரு கண்ணால் பார்க்கும்போது சிவப்பாகத் தெரிந்த துணி, மற்றக் கண்ணுக்குச் சாயம் போனதாகத் தெரிந்தது. "கொம்பியூட்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் களைச்சுப் போச்சு, பிள்ளை" என்றார் தந்தை. கண்ணூறு என்றார் அயலிலுள்ள பெரியம்மா ஒருவர். தாயார் முருகனுக்கு நேர்த்தி வைத்தார். சில வாரங்களில் பார்வை தானாகவே திரும்பிற்று. நேர்த்தி பலித்தது என்று வீட்டார் மகிழ்ந்து அர்ச்சனையும் செய்து முடித்தனர். வைத்தியரிடம் எவரும் போகவில்லை.

ஓராண்டு சென்றபின் ஒரு காலை இரு கால்களும் விறைத்துப் போயின. இடுப்பைச் சுற்றி எவரோ பட்டியொன்றை இறுக்கிக் கட்டியது போன்ற உணர்வு. படியில் இறங்க முடியவில்லை. இம்முறை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றார்கள். எம். ஆர். ஐ. ஸ்கான் எடுக்கப்பட்டது. மூளையிலும் முண்ணாணிலும் தழும்புகள் தெரிந்தன. மல்ரிப்பிள் ஸ்கிளிறோசிஸ் என்று நரம்பியல் நிபுணர் கூறியபோது, அச்சொல்லைத் தாயார் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

நாம் போயிருந்த அன்று தேநீரை வைத்துவிட்டு எம் முன்னே அமர்ந்த தாயார் கேட்டது ஒன்றே ஒன்று. "நாங்கள் ஊரிலேயே இருந்திருந்தால் என்ரை பிள்ளைக்கு இது வந்திருக்குமோ, சேர்?"

அன்று எம்மிடம் விடை இருக்கவில்லை. பின்னர் தேடிப் படித்தோம். அக்கேள்வியை உலகின் பெரிய ஆய்வாளர்கள் எழுபது வருடங்களாகக் கேட்டு வருகிறார்கள் என்பதும், விடையின் முக்கியமான ஒரு பகுதி நாம் வாழும் இதே நாட்டில் கண்டறியப்பட்டது என்பதும் அப்போதுதான் எமக்குத் தெரிய வந்தது.

நோய் எத்தகையது?

எமது மூளையிலிருந்து உடலெங்கும் செல்லும் நரம்பு நார்களை மின்கம்பிகளுக்கு ஒப்பிடலாம். மின்கம்பிக்கு றப்பர் உறை இருப்பதைப் போல நரம்பு நாருக்கு மயலின் என்னும் உறை உண்டு. கிருமிகளை எதிர்த்து எம்மைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, தன் வீட்டையே தாக்கும் காவல் நாயைப் போல, மூளையிலும் முண்ணாணிலும் உள்ள இந்த உறையை அரிக்கத் தொடங்குவதே எம். எஸ். நோய். உறை அழிந்த இடத்தில் தழும்பு ஏற்படுகிறது. எந்த இடத்தில் தழும்போ அதற்கேற்ப அறிகுறி தோன்றும்: ஒருவருக்குக் கண் மங்கும், ஒருவருக்குக் கால் விறைக்கும், மற்றொருவருக்கு நடை தள்ளாடும், வேறொருவருக்குக் காரணமில்லாத கடும் களைப்பு.

பெரும்பாலானோருக்கு இந்நோய் வந்து வந்து போகும். வந்த அறிகுறி சில வாரங்களில் தணியும். ஆனால் நோய் போய்விடுவதில்லை. மேற்சொன்ன குடும்பம் ஏமாந்தது இந்த இடத்திலேதான். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும். ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். உலகெங்கும் இந்நோயுடன் வாழ்வோர் 28 இலட்சத்துக்கு மேற்பட்டோர் எனக் கணக்கிட்டுள்ளார்கள். இது தொற்று நோயன்று. மனநோயும் அன்று.

பரம்பரை நோயா என்றால், ஓரளவுக்கே. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரை எடுத்துக்கொண்டால், அவர்களின் பரம்பரை அலகுகள் ஒன்றே. அப்படியிருந்தும் ஒருவருக்கு எம். எஸ். வந்தால் மற்றவருக்கும் வருவது நூற்றுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 வரையிலேயே. எஞ்சியதை வாழும் சூழலிலேதான் தேட வேண்டும். சம்பந்தம் பேசுகையில் இந்நோயை மறைக்கும் பெற்றோரும், கேள்விப்பட்டவுடன் பின்வாங்கும் பெற்றோரும் இந்தக் கணக்கை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஐரோப்பிய மக்களிடையே எம். எஸ். உள்ள தாய் அல்லது தகப்பனின் பிள்ளைக்கு அது வருவது நூற்றுக்கு இரண்டு என்னும் அளவில்தான்.

பதினைந்து வயது

சூழலைத் தேடிப் புறப்பட்டவர்களில் முன்னோடி ஜெஃப்ரி டீன் என்னும் வைத்தியர். பிரித்தானியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்குச் சென்று தொழில் புரிந்த அவர், தாம் பிறந்த நாட்டில் சாதாரணமாகக் கண்ட இந்நோய் தென்னாபிரிக்காவில் பிறந்த வெள்ளையரிடம் அரிதாக இருப்பதைக் கவனித்தார். இரத்தம் ஒன்று, நாடு வேறு. ஐரோப்பாவிலிருந்து குடியேறிய வெள்ளையரிடமோ நோய் கூடுதலாகவே இருந்தது. குடியேறியவர்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது விடயம் தெளிந்தது. பெரியவர்களாக வந்தவர்கள் பிறந்த நாட்டின் ஆபத்தைத் தம்முடன் கொண்டு வந்திருந்தார்கள். சிறு பிள்ளைகளாக வந்தவர்கள் வந்த நாட்டின் குறைந்த ஆபத்தையே பெற்றிருந்தார்கள். எல்லை ஏறத்தாழ 15 வயது என்று டீனும் அமெரிக்கரான ஜோன் கேட்ஸ்கேயும் 1971இல் எழுதினார்கள்.

அது ஆபத்துக் கூடிய நாட்டிலிருந்து குறைந்த நாட்டுக்குச் சென்றவர்களின் கதை. எம்முடையது எதிர்த்திசைப் பயணம். இலங்கையும் இந்தியாவும் இந்நோய் குறைந்த நாடுகள். நாம் வந்து சேர்ந்த நாடுகள் கூடியவை. எமக்கு நெருங்கிய கதையையும் டீனே தேடினார். 1970களில் இலண்டனில் ஆராய்ந்தபோது, ஆசியாவிலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் கரிபியன் தீவுகளிலிருந்தும் வந்து குடியேறியவர்களிடம் எம். எஸ். மிகக் குறைவாக இருப்பதைக் கண்டார். ஆனால் அவர்களுடைய பிள்ளைகள்? 1990இல் மார்த்தா எலியன் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், பிரித்தானியாவில் பிறந்த அப்பிள்ளைகளிடையே நோய், அந்நாட்டின் பொது மக்களிடையே காணப்படும் அளவை நெருங்கிவிட்டது என்று அறிவித்தார்கள். 1997இல் இருவரும் மீண்டும் எழுதினார்கள்: இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் 15 வயதுக்கு முன்னர் இங்கிலாந்துக்கு வந்தவர்களுக்கு, அதற்குப் பின்னர் வந்தவர்களை விட ஆபத்துக் கூடுதல்.

பெற்றோரும் பிள்ளையும் ஒரே வீட்டில், ஒரே சோற்றை உண்டு, ஒரே குளிரில் வாழ்கிறார்கள். ஆயினும் இந்நோயைப் பொறுத்தவரை அவர்கள் இரு வேறு நாட்டவர்.

இவ்விடத்தில் வாசகர்கள் பதற்றமடைய வேண்டியதில்லை. கிழக்கு இலண்டனில் 2017இல் வெளியான கணக்கொன்று அளவைச் சரியாக உணர உதவும். வெள்ளையரிடையே இலட்சத்துக்கு 180 பேர், கறுப்பினத்தவரிடையே 74 பேர், தெற்காசியரிடையே 29 பேர். அதாவது எம்மைப் போன்றோரில் ஏறத்தாழ 3,400 பேருக்கு ஒருவர். 1990ஆம் ஆண்டு ஆய்வு காட்டிய அளவுக்கு இது உயரவில்லை. ஆயினும் இந்தியத் துணைக்கண்டத்தில் அறியப்பட்ட அளவை விட மிகவும் அதிகம் என்பதே ஆய்வாளரின் முடிவு. எண்கள் வேறுபட்டாலும் திசை ஒன்றே.

நியூசிலாந்தின் கணக்கு

இனி எம் வாசலுக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு மார்ச் 7ஆந் திகதி, குடிசன மதிப்பீட்டு நாளன்று, நியூசிலாந்தில் எம். எஸ். நோயுடன் வாழ்ந்த ஒவ்வொருவரையும் கணக்கிட ஆய்வாளர்கள் முயன்றார்கள். மாதிரிக்குச் சில ஊர்களை எடுக்கும் வழமையான முறையன்று. நாடு முழுவதையும் சல்லடை போட்டுத் தேடியது. ஏறத்தாழ 2,900 பேர் கண்டறியப்பட்டனர். இலட்சத்துக்கு 73 பேர் என்னும் அளவு.

வியப்பு அந்த மொத்தத்தில் அன்று, பரம்பலில் இருந்தது. வடக்கிலிருந்து தெற்கே செல்லச் செல்ல நோய் கூடிக்கொண்டே போய், தென் கோடியில் வடக்கைப் போல் மூன்று மடங்காகிவிட்டது. ஒரே அரசாங்கம், ஒரே வைத்தியசேவை, பெரும்பாலும் ஒரே வழித்தோன்றல்களான மக்கள். மாறுவது அகலக்கோடு மட்டுமே. நியூ லின் மத்திய கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 37 பாகையில் உள்ளது. இன்வர்காகில் நகரம் 46 பாகையைத் தாண்டியது. எமது யாழ்ப்பாணமோ வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவு. மாவோரி மக்களிடையே நோய் மிகக் குறைவு என்பதும், அகலக்கோட்டின் இந்த ஏற்றம் ஐரோப்பிய வழிவந்தோரிடமே காணப்பட்டது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கவை. பரம்பரை அலகும் சூழலும் ஒன்றையொன்று கைபிடித்தே நடக்கின்றன.

அத்துடன் அவர்கள் நிற்கவில்லை. அந்த நோயாளர்கள் பிறந்தது முதல் எந்தெந்த வயதில் எந்தெந்த ஊரில் வாழ்ந்தார்கள் என்ற வரலாற்றை எடுத்து, வயது வயதாக அடுக்கிப் பார்த்தார்கள். கிளைவ் சேபல், தெபோரா மேசன், புரூஸ் ரெய்லர் முதலானோரின் இந்த ஆய்வு 2021இல் "பிரெய்ன்" என்னும் சஞ்சிகையில் வெளிவந்தது. நோயாளர் இன்று வாழும் ஊரை வைத்துப் பார்த்தால் வடக்குத் தெற்கு வேறுபாடு ஓரளவே தெரிகிறது. அவர்கள் பிறந்த ஊரையும், ஏறத்தாழ 12 வயது வரை வாழ்ந்த ஊரையும் வைத்துப் பார்த்தால் அது மிகத் துலக்கமாகத் தெரிகிறது. பெண்களிடம் இன்னும் துலக்கமாக. அந்த வயதின் பின்னர் வேறுபாடு படிப்படியாக மங்கிவிடுகிறது. கருவிலும் பிள்ளைப் பருவத்திலும் நிகழும் ஏதோ ஒன்றே, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் வெளிப்படும் நோய்க்கு வித்திடுகிறது என்பதற்கு இதனை விட வலுவான சான்று வேறு எங்கும் கிடைத்ததாக நாம் அறியவில்லை.

வெயில்

அந்த ஏதோ ஒன்று எது? அகலக்கோட்டுடன் மாறுவனவற்றுள் முதலாவது வெயில். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் சூரியன் தலைக்கு அருகே நிற்கிறான். ஒக்லாந்தில் யூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ ஒன்பதரை மணித்தியாலம். அதிலும் பாதி மப்பும் மழையும். வெயில் படும்போது எம் தோல் விற்றமின் டியை உண்டாக்குகிறது. எலும்புக்கு வேண்டிய சத்து என்று மட்டும் நாம் படித்த அது, நிர்ப்பீடனத் தொகுதியை அடக்கி வைப்பதிலும் பங்கு கொள்கிறது என்று இப்போது அறிந்திருக்கிறார்கள்.

எமக்கு அயலிலுள்ள தாஸ்மேனியாவில் இதனை நேரடியாகவே ஆராய்ந்து 2003இல் வெளியிட்டார்கள். எம். எஸ். உள்ள 136 பேரையும் நோயற்ற 272 பேரையும் ஒப்பிட்டபோது, 6 முதல் 15 வயது வரை விடுமுறை நாட்களிலும் வார இறுதிகளிலும் நாளுக்கு இரண்டு மூன்று மணித்தியாலமோ அதற்கு மேலோ வெயிலில் இருந்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. கோடை வெயிலை விட மாரிக்கால வெயிலே கூடிய பயன் தந்ததாகத் தோன்றியது என்பது நாம் அடிக்கோடிட வேண்டிய இடம். அவுஸ்திரேலியாவில் 2010இல் வெளியான இன்னோர் ஆய்வில், நவம்பர், டிசம்பர் மாதங்களில் பிறந்தவர்களுக்கு மே, யூன் மாதங்களில் பிறந்தவர்களை விட ஏறத்தாழ 30 வீதம் ஆபத்துக் கூடுதல் எனக் காணப்பட்டது. நவம்பரில் பிறக்கும் பிள்ளையின் தாய் தன் கர்ப்ப காலத்தின் நடு மாதங்களை மாரியிலே கழித்தவள். பிள்ளை பிறக்கும் முன்னரே கணக்குத் தொடங்கிவிடுகிறது.

இப்போது எம் வீடுகளைப் பார்ப்போம். தோல் கறுத்திருக்கக் கறுத்திருக்க, அதே அளவு விற்றமின் டியை உண்டாக்கக் கூடுதலான வெயில் வேண்டும். ஊரின் வெயிலுக்காக அமைந்த தோலுடன் நாம் குளிர் நாட்டுக்கு வந்திருக்கிறோம். ஒக்லாந்தில் வாழும் தெற்காசியப் பெண்களை மாசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2010இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்கு இச்சத்து போதாமல் இருந்தது. மாங்கரே அகதிகள் நிலையத்துக்கு வந்தவர்களிடையேயும் இக்குறைபாடு உண்டென்று 2007இல் ஓர் ஆய்வு காட்டிற்று.

தோலின் நிறத்தோடு எம் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. "வெயிலுக்குள்ளை நில்லாதை, கறுத்துப் போவாய்" என்று பெண் பிள்ளைகளை உள்ளே அழைக்கும் குரலை நியூ லின்னிலும் நாம் கேட்டிருக்கிறோம். கறுப்பு என்றால் சம்பந்தம் பொருந்தாது என்ற பழைய அச்சம் கடல் கடந்தும் எம்மை விடவில்லை. வெள்ளையர் வெயில் காய்வதற்காகப் பணம் செலவழித்துக் கடற்கரைக்குப் போகும் நாட்டில், நாம் எம் பிள்ளைகளுக்கு வெயிலை மறைத்து, வெளுக்கும் களிம்பு வாங்கிக் கொடுக்கிறோம். இதனை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் எழுதாமல் விட முடியவில்லை.

வேறு காரணங்களும் உண்டு, அவற்றைக் குறை கூறுவதற்கில்லை. தாய் பகலிலும் தந்தை இரவிலும் வேலை. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் தகுந்த பார்வையின்றி விட்டுச் செல்வது இங்கு குற்றம். எனவே பிள்ளை வீட்டுக்குள், கையில் தொலைபேசி. சனிக்கிழமை ரியூசன், ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு. நாம் ஊரில் படிப்பித்த காலத்தில் காலைப் பிரார்த்தனைக்கு மைதானத்தில் வரிசையாக நிற்கும் மாணவரில் எவரேனும் வெயில் தாங்காமல் மயங்கி விழுவதுண்டு. நிழலுக்குத் தூக்கிச் சென்று தண்ணீர் தெளிப்போம். பிள்ளைகளை வெயிலுக்கு அனுப்புங்கள் என்று நாமே எழுதும் காலமொன்று வருமென அன்று எவர் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்போம்.

அதற்காகக் கண்மூடித்தனமாக வெயிலில் நிற்கச் சொல்லவில்லை. இந்நாட்டின் கோடை வெயில் கடுமையானது. தோற்புற்றுநோயில் உலகின் முன்வரிசையில் நிற்கும் நாடு இது. பாடசாலைகளில் "தொப்பி இல்லையேல் விளையாட்டில்லை" என்ற விதி வீணாக வந்ததன்று. சுகாதார அமைச்சு கூறும் வழி நடைமுறைக்கு எளியது: செப்ரெம்பர் முதல் ஏப்ரல் வரை காலையிலோ பிற்பகல் பிந்தியோ வெளியே நடமாடுவது, மே முதல் ஓகஸ்ட் வரை நண்பகலை அண்டி நடமாடுவது. மாரி நண்பகலில் பிள்ளைகளை ஒலிம்பிக் பூங்காவுக்கு அழைத்துச் செல்லப் பணம் தேவையில்லை, வெயில் எட்டிப் பார்க்கும் அரை மணித்தியாலமே தேவை. கர்ப்பிணிகளும், தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தைகளின் தாய்மாரும் விற்றமின் டி பற்றிக் குடும்ப வைத்தியரிடமோ மருத்துவ மாதுவிடமோ கட்டாயம் கேட்க வேண்டும். தாமாகவே கடையில் வாங்கி அளவின்றி விழுங்குவது கூடாது. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விற்றமின் டி குளிசையால் எம். எஸ். நோயைத் தடுத்துவிடலாம் என்று இன்னும் எவரும் நிறுவவில்லை. முதல் அறிகுறி தோன்றியவர்களுக்கு அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மூன்று வேறு அளவுகளில் கொடுத்துப் பார்த்த பரிசோதனை 2023இல் வெளியானது, பயன் காணப்படவில்லை. பிரான்சில் மிகக் கூடிய அளவில் கொடுத்துப் பார்த்த பரிசோதனை 2025இல் வெளியானபோது, நோயின் வேகம் சற்றுக் குறைந்ததாகத் தெரிந்தது. நோய் தொடங்கிய பின் கொடுப்பது வேறு, பிள்ளைப் பருவத்தில் வெயிலில் வளர்வது வேறு என்றே தோன்றுகிறது. வெயில் விற்றமின் டி மூலம் மட்டுமன்றி வேறு வழியிலும் உதவுகிறது என்பாரும் உளர்.

ஒரு வைரசும் இரண்டு பழக்கங்களும்

வெயிலை விட நேரடியான குற்றவாளி ஒன்று 2022இல் ஏறத்தாழக் கையும் களவுமாகப் பிடிபட்டது. எப்ஸ்டைன்-பார் என்னும் வைரஸ். அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்த ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் இரத்த மாதிரிகளை இருபது ஆண்டுகளாகச் சேமித்து வைத்திருந்ததைக் கொண்டு ஹாவார்ட் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்தார்கள். எம். எஸ். வந்த 801 பேரில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் நோய்க்கு முன்னரே இந்த வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றிய பின் ஆபத்து 32 மடங்காக உயர்ந்தது.

ஆனால் உலகில் வளர்ந்தோரில் நூற்றுக்கு 95 பேர் வரை இந்த வைரசைத் தாங்கியவர்களே. அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. எந்த வயதில் தொற்றுகிறது என்பதே பொருட்டு. ஊரில் அம்மம்மா தன் வாயில் மென்று ஊட்டிய காலத்தில், ஒரே கோப்பையில் எல்லோரும் குடித்த காலத்தில், ஐந்து வயதுக்குள் எல்லோருக்கும் தொற்றிச் சத்தமின்றிப் போய்விடும். வசதியான நாடுகளில் அது பிந்தி, பதின்ம வயதில் தொற்றும்போது சுரப்பிக் காய்ச்சலாக வெளிப்படுகிறது. அக்காய்ச்சல் கண்டவர்களுக்கு எம். எஸ். ஆபத்து ஏறத்தாழ இரு மடங்கு. இதற்காக மென்று ஊட்டும் பழக்கத்துக்குத் திரும்ப வேண்டும் என்று எவரும் கூறவில்லை, நாமும் கூறவில்லை. தடுப்பூசிக்கான முயற்சிகள் நடைபெறுகின்றன. அதுவரை இதில் பெற்றோர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

செய்யக்கூடியவை வேறிரண்டு உண்டு. ஒன்று புகை. புகைப்பவருக்கு மட்டுமன்றி, அருகிலிருந்து அப்புகையைச் சுவாசிப்பவருக்கும் ஆபத்துக் கூடுவதைச் சுவீடன் நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுப் புகைத்தால் பின்னாலிருக்கும் பிள்ளைக்குப் படாது என்று எண்ணும் தந்தையர் எம்மிடையே இன்றும் உளர். மற்றையது பிள்ளைகளின் உடற்பருமன். டென்மார்க்கில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பாடசாலைப் பிள்ளைகளின் நிறைக் கணக்கை வைத்து ஆராய்ந்தபோது, 7 முதல் 13 வயதுக்குள் மிகவும் பருத்திருந்த சிறுமியருக்குப் பிற்காலத்தில் எம். எஸ். வருவது ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரை கூடியிருந்தது. பட்டினி கண்ட எம் தலைமுறைக்குக் கொழுத்த பிள்ளையே சுகமான பிள்ளை. முகாமில் பங்கீட்டு அரிசிக்கு வரிசையில் நின்ற தாய், மகள் இரண்டாம் முறை சோறு கேட்டால் மறுப்பாளா? சோற்றையன்று, கூடவே வரும் சோடாவையும் சிப்ஸ் பொட்டலத்தையும் குறைக்கலாம்.

வீடு திரும்பிய கேள்வி

இவ்வளவையும் படித்தபின் மீண்டும் அந்த வீட்டுக்குச் சென்றோம். தாயாரின் கேள்விக்கு மழுப்பாமல் விடை சொல்வதென்று தீர்மானித்திருந்தோம். ஊரில் பிறந்து வளர்ந்திருந்தால் இந்நோய் வரும் வாய்ப்புக் குறைவாக இருந்திருக்கும், அம்மா. ஆனால் ஊரில் அப்போது வேறென்ன இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். இங்கு பிறந்த எம் பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோருக்கு இந்நோய் இல்லை. யாருக்கு வரும் என்று எவராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. பிள்ளையை வெயிலுக்கு விடாதது மட்டும் இதற்குக் காரணம் என்று எந்த நிபுணரும் கூறமாட்டார்.

தாயார் சிறிது நேரம் பேசவில்லை. தந்தைதான் பேசினார். கண் மங்கியபோதே வைத்தியரிடம் கொண்டு போயிருந்தால்? அதற்கும் உண்மையையே சொன்னோம். ஓராண்டு முந்தியே மருந்து தொடங்கியிருக்கலாம். நற்றலிசுமாப், ஒக்ரெலிசுமாப் போன்ற மருந்துகள் நோயை மாற்றுவதில்லை. புதிய தாக்குதல்களைப் பெரிதும் குறைக்கின்றன. எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. பார்மக் நிறுவனம் தகுதியுள்ள நோயாளருக்கு இவற்றின் செலவை ஏற்கிறது.

இதனை வாசிக்கும் பெற்றோருக்காக அந்தத் தந்தை ஒன்றைச் சொல்லச் சொன்னார்: ஒரு கண் மங்கி வலித்தாலோ, கை கால் விறைப்பு நாட்கணக்கில் நீடித்தாலோ, தானாக மாறிவிட்டாலும், வைத்தியரிடம் போங்கள். போனால் குடும்பம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதுடன் பிள்ளை எந்த நாட்டில் வளர்ந்தது என்பதையும் சொல்லுங்கள். "உங்கள் நாட்டவருக்கு இந்நோய் வருவதில்லை" என்ற எண்ணம் எம்மவரிடம் மட்டுமன்றி வைத்தியர் சிலரிடமும் இருப்பதுண்டு. மொழிபெயர்ப்பாளர் தேவையெனில் கேளுங்கள். 1996ஆம் ஆண்டு முதல் நோயாளர் உரிமைக் கோவையில் அது எழுதப்பட்டிருக்கிறது. பிள்ளையின் நோயைப் பிள்ளையே தாய்க்கு மொழிபெயர்க்கும் நிலை வேண்டாம்.

அந்தப் பிள்ளை இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியசாலைக்குச் சென்று மருந்தேற்றிக் கொள்கிறாள். களைப்பு உண்டு, வெப்பமான நாட்களில் கூடும். விட்ட பாடங்களை இவ்வாண்டு முடித்துவிடுவாள். கடந்த முறை தாயாரும் உடன் சென்று, மொழிபெயர்ப்பாளரை அழைப்பித்து, தம் கேள்வியைத் தாமே நிபுணரிடம் கேட்டிருக்கிறார்: பதினொரு வயதான இளைய மகளையும் ஸ்கான் செய்து பார்க்க வேண்டுமா? அறிகுறி இல்லாதவரை வேண்டாம் என்பது விடை. நாம் புறப்படும்போது அந்த இளையவள் பின்வளவில் பந்தடித்துக் கொண்டிருந்தாள். மாரிக்காலத்து நண்பகல், வெயில் நன்றாகவே எறித்தது. தாயார் யன்னலால் ஒருமுறை எட்டிப் பார்த்தார். கூப்பிடவில்லை.